நூற்று எழுபத்திரண்டு கரிக்கோடுகள்

சிவமயம்

முரசுமோட்டை
2.9.1962

அன்புள்ள கமலாசனிக்கு,

நீ போய் இன்றைக்குச் சரியாக இரண்டு கிழமை. மல்லாவிக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று பஸ்காரர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். உன்னுடைய அண்ணை மயில்வாகனமாவது ஒரு தபாலட்டை போட்டிருக்கலாம். போடமாட்டார். அவருக்கு என்னைக் கண்டால் எப்போதும் பாகற்காய்தான்.

கை எப்படி இருக்கிறது? பக்கத்துக் காணி அன்னபாக்கியம் அக்கா, முறிவு என்கிறா. நான் சுளுக்காக இருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குச் சத்தியமாக நினைவில்லை கமலா. விடிய எழும்பிப் பார்த்தேன். நீயும் இல்லை, பிள்ளையும் இல்லை. குசினியில் ஒரு காப்பு உடைந்து கிடந்தது.

நான் குடியை விட்டுவிட்டேன். சிரிக்காதே. நீ போன அடுத்த நாள், திங்கட்கிழமை தொடங்கியது. குடியாத ஒவ்வொரு நாளைக்கும் குசினிச் சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுகிறேன். இன்றைக்குப் பதினாலாவது கோடு. முதல் ஐந்து நாளும் கை நடுங்கியதில் கோடு புழு நெளிந்த மாதிரித்தான் விழுந்திருக்கிறது. அன்னபாக்கியம் அக்கா கஞ்சி கொண்டுவந்து தந்தா. அதைக்கூடப் பிடிக்க முடியாமல் நெஞ்சில் ஊற்றிக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருந்தது.

உழவு தொடங்கப் போகிறது. வீட்டில் பெண் இல்லாமல் எப்படி விதைப்பது? எப்போது வருகிறாய்? ஜெகா பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டு அங்கே என்ன செய்கிறாள்?

இப்படிக்கு
தவராசா


மல்லாவி
16.9.1962

ஜெகாவின் அப்பாவுக்கு,

இதை எழுதுவது என் கை அல்ல. பக்கத்து வீட்டு நபீஸா, கடைக்காரக் கலந்தர் நானாவின் மனைவி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறா. என் கை எழுதுகிற நிலையில் இல்லை. அது சுளுக்கு அல்ல. மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. பரியாரியார் பத்துப் போட்டு, மூங்கில் வரிச்சு வைத்துக் கட்டியிருக்கிறார். கட்டும்போது அண்ணை என் வாய்க்குள் துணியை அடைத்துப் பிடித்துக்கொண்டார்.

நினைவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது வசதி. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

டிரங்குப் பெட்டிச் சாவியைக் கேட்டீர்கள். பெட்டிக்குள் என் கூறைச்சேலையும் பிள்ளையின் தோடும் இருந்தன. தோட்டை எடுக்கத்தான் கேட்கிறீர்கள் என்று தெரிந்து, சாவியைக் கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டேன். நீங்கள் என் விரல்களைப் பிரிக்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்து, ஈரச்சீலை பிழிகிற மாதிரிப் பிழிந்தீர்கள். சத்தம் கேட்டது. சாவி விழுந்தது. நீங்கள் குனிந்து அதைத்தான் எடுத்தீர்கள். ஜெகா கதவடியில் நின்று பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது நினைவு வருகிறதா?

பதினாலு கோட்டுக்கு நான் என்ன சொல்ல? போன வருடம் கந்தசட்டிக்கு ஆறு நாள் விட்டீர்கள். ஏழாம் நாள் ஆறு நாளைக்கும் சேர்த்துக் குடித்தீர்கள். நான் வரமாட்டேன். ஜெகா இங்கே பள்ளிக்கூடம் போகிறாள்.

(எழுதுகிறவளும் ஒரு சொல் சொல்ல வேண்டும். தம்பி, இதைச் சொல்லிக்கொண்டு வரும்போது கமலா ஒரு இடத்திலும் அழவில்லை. எழுதின நான்தான் அழுதேன். அல்லாஹ்வுக்காக அந்தக் கோட்டை நிறுத்திப் போடாதீர்கள். – நபீஸா)


முரசுமோட்டை
7.10.1962

அன்புள்ள கமலாவுக்கு,

உன் கடிதத்தை வாசித்தபிறகு இரண்டு கிழமைக்கு மேல் எழுத வரவில்லை. வாசித்த அன்றைக்கே கள்ளுத் தவறணைக்குப் போக வெளிக்கிட்டேன். பொய் சொல்லாமல் எழுதுகிறேன். சந்தி வரைக்கும் போனேன். தவறணை வாசலில் செல்வநாயகம் நின்றான். நம்முடைய வாய்க்கால் அண்ணமார் கோயிலில் பூசை செய்கிறவன்தான். 'வா மச்சான், கன நாள் காணேல்லை' என்றான். எனக்கு உன்னுடைய மணிக்கட்டின் சத்தம் கேட்டது. அன்றைக்குக் கேளாத சத்தம், கடிதத்தில் வாசித்தபிறகு கேட்கிறது. திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது கடைக்குப் போவதென்றால் சந்தியால் போவதில்லை. வாய்க்கால் கட்டால் சுற்றிப் போகிறேன். ஒன்றரை மைல் கூட. கட்டு முழுக்க நாயுருவியும் முள்ளும். வேட்டியெல்லாம் பொத்தல். போகட்டும்.

இன்றைக்கு நாற்பத்தொன்பதாவது கோடு. ஏழு ஏழாகப் போட்டு, ஒவ்வொரு ஏழுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்திருக்கிறேன். சுவரைப் பார்க்க வேலி அடைத்த மாதிரி இருக்கிறது. நான் வாழ்க்கையில் நாற்பத்தொன்பது நாள் தொடர்ந்து செய்த வேலை இது ஒன்றுதான். நெல் விதைத்தால்கூட நடுவில் நாலு நாள் படுத்துவிடுவேன். உனக்குத் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். ஆறு மாதம் குடியாமல் இருந்தால் வருவாயா? மாசி நடுப்பகுதியில் முடியும். அதற்குள் அறுவடையும் ஆகிவிடும்.

கை எப்படி? ஜெகா என்னைக் கேட்கிறாளா?

தவராசா


மல்லாவி
28.10.1962

ஜெகாவின் அப்பாவுக்கு,

மறுபடியும் நபீஸாவின் எழுத்துத்தான். வரிச்சு அவிழ்த்தாயிற்று. கை மெலிந்து ஈர்க்கு மாதிரி இருக்கிறது. விரல்கள் மடங்குவதில்லை. பரியாரியார் எண்ணெய் தந்து, புட்டுக்கு மா குழைக்கச் சொல்லியிருக்கிறார். ஒரு பிடி மா குழைக்க ஒரு காலை நேரம் போகிறது. 'அந்தக் கையை விட்டிட்டு மற்றக் கையால குழையடி' என்று அண்ணையின் மனைவி, மச்சாள், கத்துகிறா. நான் விடுவதில்லை.

ஆறு மாதம் என்று கேட்டிருந்தீர்கள். ஆறு மாதம் போகட்டும், பிறகு கேளுங்கள். அதற்குமேல் நான் இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன்.

ஒன்று மட்டும். கோட்டுக் கணக்கை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். நாவூறு படும். உங்களுக்கு இரண்டு நல்ல சொல் கேட்டால் தலை கால் தெரியாது.

(தம்பி, நாற்பத்தொன்பது என்று வாசித்தபோது கமலாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இதை எழுத வேண்டாம் என்கிறா. எழுதிவிட்டேன். – ந.)


முரசுமோட்டை
9.12.1962

அன்புள்ள கமலா,

அடேயப்பா, என்ன மழை! இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது. எங்கள் வயல் முழுக்கப் பச்சை. கதிர்காமநாதன் மாஸ்ரர் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார். 'தவராசா, இது உன்ர வயல்தானோ?' என்றார். 'பின்ன ஆருடையது?' என்றேன்.

இன்றைக்கு நூற்றுப்பன்னிரண்டு. கணக்கை வெளியில் சொல்லாதே என்றாய். என்னால் முடியவில்லை கமலா. போன கிழமை வாய்க்கால் சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று சொல்லிவிட்டேன். கொஞ்சப் பேர் கைதட்டினார்கள். கொஞ்சப் பேர் சிரித்தார்கள். அன்னபாக்கியம் அக்கா மட்டும், 'உன்ர முகத்தில இப்பத்தான் ரத்தம் ஓடுது' என்று சொன்னா. நான் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். உண்மைதான்.

எல்லாரும் ஒன்று சொல்கிறார்கள். நீ ஒருத்திதான் ஒன்றும் சொல்லவில்லை. நபீஸா அக்கா எழுதுகிற ஓரக்குறிப்பில்தான் எனக்குச் சீவன் கிடக்கிறது. ஒரு வார்த்தை எழுதினால் குறைந்து போவாயா?

தைப்பொங்கலுக்கு அங்கே வரலாமா? குடித்துவிட்டு வரமாட்டேன் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

தவராசா


மல்லாவி
23.12.1962

ஜெகாவின் அப்பாவுக்கு,

இது என் கை. எழுத்துப் பெரிது பெரிதாக வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். இதுவரைக்கும் எழுத அரைமணி நேரம்.

பொங்கலுக்கு வாருங்கள். காலையில் வந்து பின்னேரப் பஸ்ஸில் திரும்ப வேண்டும். இரவு தங்க முடியாது. அண்ணையோடு கதை வளர்க்க வேண்டாம்.

கமலாசனி


முரசுமோட்டை
20.1.1963

அன்புள்ள கமலா,

பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து நான் நிலத்தில் நடக்கவில்லை. அண்ணைகூட ஒரு சுருட்டு நீட்டினார், பார்த்தாயா? உன் கையால் நீ பானையை இறக்கினாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இடக்கையை முண்டு கொடுத்துத்தான் இறக்கினாய். என்றாலும் இறக்கினாய்.

ஜெகாவை எவ்வளவு அடக்கமாக வளர்த்திருக்கிறாய்! மடியில் இருத்திக் கரும்பு கொடுத்தேன். நான் எழும்பும் மட்டும் அசையவே இல்லை. ஒரு சொல் கதைக்கவில்லை. கரும்பைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். பின்னேரம் சால்வையை உதறக் கையைத் தூக்கினேன். விழுந்தடித்து ஓடி உன் சேலைக்குள் ஒளித்துக்கொண்டாளே, விளையாட்டுக்காரி!

இன்றைக்கு நூற்றைம்பத்துநாலு. ஆறு மாதத்துக்கு இன்னும் முப்பது கோடு. மாசி பத்தொன்பதில் முடிகிறது. இருபதாம் திகதி வண்டி கட்டிக்கொண்டு வரட்டா? மாடு இரண்டையும் குளிப்பாட்டி வைக்கிறேன்.

இன்னொரு புதினம். அறுவடைக்குப் பிறகு வைக்கிற அண்ணமார் மடைப் படையல் இந்த வருடம் என்னுடைய முறை. மாசி எட்டாம் திகதி, வெள்ளிக்கிழமை. ஒன்பது வருடத்தில் முதல் தடவை எனக்கு முறை வருகிறது. இத்தனை நாளும் 'அவன் வெறிக்குட்டி' என்று தள்ளி வைத்தவர்கள், இப்போது தாங்களே வந்து கேட்டார்கள். சேவல், சுருட்டு, சாராயம், எல்லாம் நான்தான் வாங்கிப் படைக்க வேண்டும்.

தவராசா


மல்லாவி
27.1.1963

ஜெகாவின் அப்பாவுக்கு,

மடை முறையை வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுங்கள். மடை வைத்தவர் சாராயத்தில் முதல் வாய் வைக்காமல் மற்றவர்கள் தொடுவதில்லை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அடுத்த வருடம் வைக்கலாம். அண்ணமார் ஓடிப் போகமாட்டார்.

வண்டி கட்டுகிற கதையைப் பிறகு பார்ப்போம்.

கமலாசனி


முரசுமோட்டை
15.2.1963

கமலாசனிக்கு,

நீ சொன்னதுதான் நடந்தது. சந்தோசமா?

முறையை மாற்றவில்லை. மாற்றியிருந்தால், 'தவராசா குடியை விட்டவுடன சாமியையும் விட்டிட்டான்' என்று சிரித்திருப்பார்கள். சாராயப் போத்தலை நானே வாங்கிக்கொண்டு வந்தேன். குசினியில் இரண்டு நாள் இருந்தது. தொடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கோடு போட்டேன். அப்படி ஒரு பெருமை எனக்கு. மனிதன் என்றால் நான்தான் மனிதன் என்று நினைத்தேன்.

மடையில் செல்வநாயகம் சிரட்டையில் ஊற்றி நீட்டினான். நான் தலையை ஆட்டினேன். 'இது சாராயமில்லை மச்சான், தீர்த்தம். நீ வாய் வைக்காட்டில் இருபது சனமும் நிக்க வேண்டியதுதான்' என்றான். இருபது பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அறுவடை நெல் களத்தில் கிடக்கிறது. சாமியைக் கோபிக்க வைத்தால் அடுத்த போகம் என்னவாகும் என்று ஒரு பயம். ஒரு வாய்தானே, அதுவும் தீர்த்தம்தானே என்று குடித்தேன்.

மற்றதை எழுதத் தேவையில்லை. அன்று தொடங்கி முந்தநாள் மட்டும் நான் எங்கே கிடந்தேன் என்று அன்னபாக்கியம் அக்காவைக் கேள்.

நூற்று எழுபத்திரண்டு கோடு. இன்னும் பன்னிரண்டு. பன்னிரண்டே பன்னிரண்டு! நேற்றுச் சாணியைக் குழைத்துச் சுவர் முழுக்க அப்பிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாளும் நான் குடியாமல் இருக்கவில்லை. அதுதான் கணக்கு.

உன்னையும் ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்குப் பிறகு நான் அவ்வளவு எழுதினேன். நீ நாலு வரி எழுதினாய். நூற்றைம்பத்துநாலு என்றதற்கு, 'நல்லது' என்று ஒரு சொல் இல்லை. அந்தச் சொல் கையில் இருந்திருந்தால் நான் சிரட்டையைத் தட்டி விட்டிருப்பேன். கல் நெஞ்சுக்காரி.

இனி எழுதமாட்டேன். வயலுக்கு வாங்கின பூச்சிமருந்து அரைப்போத்தல் குசினிக் கூரை வளையில் சொருகிக் கிடக்கிறது. அதற்கும் ஒரு வேலை இருக்கும்தானே. பிள்ளையைப் பார்த்துக்கொள்.

தவராசா


மல்லாவி
24.2.1963

ஜெகாவின் அப்பாவுக்கு,

உங்களுக்கு நினைவில்லாத இன்னொரு நாளைப் பற்றியும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை பின்னேரம் வந்தது. கடைசி வரிகளை வாசித்துவிட்டு அண்ணையிடம் காட்டாமல் ஒளித்தேன். காட்டினால் விட்டிருக்கமாட்டார். செவ்வாய்க்கிழமை விடியக் கலந்தர் நானாவின் லொறி பரந்தனுக்கு வெளிக்கிட்டது. நானும் நபீஸாவும் ஏறினோம். மாங்குளம் தாண்டும் மட்டும் நபீஸா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டு வந்தா. நான் ஒன்றும் கும்பிடவில்லை. பிந்திவிட்டேனோ, பிந்திவிட்டேனோ என்றுதான் மனம் அடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை என்றால் பத்தொன்பதாம் திகதி. ஆறு மாதம் முடிகிற நாள்.

பதினொரு மணி இருக்கும். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. நீங்கள் குசினி நிலத்தில் சத்தியெடுத்து அதற்குள்ளேயே குப்புறக் கிடந்தீர்கள். மூக்கடியில் கையை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. சாராய மணம்தான், மருந்து மணம் இல்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். நபீஸா வந்து தூக்கித்தான் எழும்பினேன்.

மருந்துப் போத்தலை வளையிலிருந்து எடுத்து, பின்வளவில் குழி தோண்டி ஊற்றிப் புதைத்தோம். தேட வேண்டாம். உங்களைப் புரட்டித் துடைத்து, நிலத்தைக் கழுவி, சோறும் பருப்பும் வைத்தேன். அதுவரைக்கும் நீங்கள் கண் திறக்கவில்லை.

பிறகு சுவரைப் பார்த்தேன். நீங்கள் அப்பின சாணி காய்ந்து, வெடித்து, பொருக்குப் பொருக்காக நின்றது. சிரட்டையால் சுரண்டினேன். உள்ளே கோடு கிடந்தது. சில இடத்தில் கரி கரைந்துதான் போயிற்று. ஆனால் நீங்கள் அழுத்திப் போட்ட கோடுகளுக்குச் சுவர் மண்ணில் தடம் இருக்கிறது. ஒரு பக்கத்தால் நான் எண்ணினேன், மற்றப் பக்கத்தால் நபீஸா எண்ணினா. பிறகு இடம் மாறி எண்ணினோம். நூற்று எழுபத்திரண்டு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கலியாணம் முடித்து ஒன்பது வருடத்தில் நீங்கள் எனக்குச் சொன்ன ஒரு கணக்குச் சரியாக இருந்தது இதுதான் முதல் தடவை. 'ஒரு நாளும் குடியாமல் இருக்கவில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் பொய்.

ஒரு நல்ல சொல் எழுதவில்லை என்று என்னைக் குற்றம் சொல்கிறீர்கள். நூற்றுப்பன்னிரண்டு என்ற கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று நபீஸாவைக் கேளுங்கள். சந்தோசப்பட்டேன். எழுதப் பயந்தேன். ஜெகா முதல் அடி வைத்தபோது நான் வாய் திறக்க, 'பொத்தடி வாயை, நாவூறு படப்போகுது' என்று என் அம்மா அதட்டினவா. நல்லதைச் சொன்னால் அது அழிந்து போகும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். சொல்லாமல் விட்டேன், அப்படியும் அழிந்ததே! அதனால் இப்போது சொல்கிறேன். நீங்கள் செய்தது பெரிய காரியம். எனக்குத் தெரிந்த ஒருவரும் அப்படிச் செய்து நான் காணவில்லை.

ஆனால் சிரட்டையைப் பிடித்தது உங்கள் கை. அதை என் தலையில் கட்ட வேண்டாம்.

இனி, பொங்கலுக்குப் பிறகு நான் ஏன் நாலு வரியோடு நிறுத்தினேன் என்று சொல்கிறேன். சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

அந்த ஆவணி இரவிலிருந்து ஜெகா பாயில் சலம் விடத் தொடங்கினாள். ஏழு வயதுப் பிள்ளை. ஒவ்வொரு நாளும் விடிய, மச்சாள் காணமுன்னம் பாயைக் கழுவி வேலிக்குப் பின்னால் காயப் போடுவேன். ஒரு கையால் பாய் கழுவுவது லேசில்லை. கார்த்திகை முடியத்தான் நின்றது. முதல் நாள் விடியப் பாய் காய்ந்து கிடந்தது. அவள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மார்கழி முழுக்க அப்படியே போயிற்று.

பொங்கலுக்கு நீங்கள் வந்தீர்கள். குடிக்கவில்லை. கரும்பு கொண்டுவந்தீர்கள். ஒரு குறையும் இல்லை. உங்கள் மடியில் அவள் அடக்கமாக இருந்தாள் என்று எழுதினீர்கள். அது அடக்கம் இல்லை. பயம். சால்வையை உதறக் கையைத் தூக்கியபோது அவள் விளையாடவில்லை. அன்றிரவு பாய் நனைந்தது. அதற்குப் பிறகு பதினேழு நாள் நனைந்தது. இப்போதுதான் மறுபடி நிற்கிறது.

இதை நான் எப்படி எழுதுவது? வெறியில் வந்த உங்களுக்கு என்றால் எழுதலாம். குடியாமல் வந்த உங்களுக்கு எப்படி எழுதுவது?

நான் வரவில்லை. ஆறு மாதம் முடித்திருந்தாலும் வந்திருக்கமாட்டேன் என்று இப்போது நினைக்கிறேன். அதை முன்னமே சொல்லாதது என் பிழை. நீங்கள் கோடு போட்டது வீணாகவில்லை. ஆனால் அந்தக் கோட்டைக் கொடுத்து எங்களை வாங்க முடியாது. எனக்கும் கணக்கு இருக்கிறது. ஐப்பசியில் ஒரு பிடி மா. மார்கழியில் எட்டு வரி. இப்போது கிணற்றிலிருந்து அரை வாளி தண்ணீர் இழுக்கிறேன். நபீஸாவின் தையல் மெசினில் சட்டை தைக்கிறேன். வாசல் படலைச் சத்தத்துக்கு விழிக்காமல் நித்திரை கொள்கிறேன். இதை விட்டுவிட்டு வரப் பயமாக இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர இன்னும் பயமாக இருக்கிறது.

ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம். குடித்த நாளுக்கு வெறும் இடம் விட்டுவிட்டு, நூற்று எழுபத்துமூன்று என்று போடுங்கள்.

கமலாசனி


முரசுமோட்டை
17.3.1963

அன்புள்ள கமலா,

அன்றைக்குப் பின்னேரம் எழும்பினபோது வீடு கழுவிக் கிடந்தது. அடுப்பில் சோறு. என் முகத்தில் சவர்க்கார மணம். செத்துப் போய்விட்டேனோ என்றுகூட நினைத்தேன். அன்னபாக்கியம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, 'ஆர் வந்தது எண்டு தெரியுமோ, எருமை?' என்றா. நான் சுவரைப் பார்த்தேன். சோற்றைத் தின்ன முடியவில்லை. பிறகு தின்றேன். நீ வைத்தது அல்லவா.

அடுத்த நாள் கரியை எடுத்து நூற்று எழுபத்துமூன்று போட்டேன். உன் கடிதம் பிறகுதான் வந்தது. நீ சொல்லமுன்னமே அப்படித்தான் போட்டேன். இதை மட்டும் நீ நம்ப வேண்டும். நடுவில் ஒரு நாளைக்கு மறுபடி வெறும் இடம் விட்டிருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மடை முறையை இனி எனக்கு வைக்க வேண்டாம் என்று சங்கத்தில் எழும்பிச் சொன்னேன். சிரித்தார்கள். செல்வநாயகம் கூடச் சிரித்தான். சிரிக்கட்டும்.

ஜெகாவின் பாயைப் பற்றி வாசித்துவிட்டு வயலுக்குப் போனேன். அரிவு வெட்டின வயல், ஒரு வேலையும் இல்லை. பொழுது சாயும் மட்டும் வரம்பில் இருந்தேன். மடியில் இருத்தினேன் கமலா. அவள் மூச்சு விட்டாளோ என்றுகூட நான் பார்க்கவில்லை. கரும்பு தின்றாளா, இல்லையா என்று இப்போது யோசிக்கிறேன். தின்னவில்லை. கையில்தான் வைத்திருந்தாள்.

நூற்றெண்பத்துநாலாவது கோடு போட்ட அன்றைக்கு உனக்கு எழுதப் பேனை எடுத்தேன். தலைப்பில் திகதி போட்டேன். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டேன். அது உனக்கு எழுதுகிற கணக்கு இல்லை என்று பட்டது. கொஞ்ச நேரம் சுவருக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு தனியே இருந்து பார்த்தேன். 'பரவாயில்லையடா தவராசா' என்று வாய்விட்டுச் சொன்னேன். மனிதர் இல்லாத வீட்டில் குரல் எதிரொலித்தது. வெட்கமாகவும் இருந்தது, நல்லதாகவும் இருந்தது.

கலந்தர் நானாவின் லொறி இன்றைக்கு இந்தப் பக்கம் வருகிறது. உன் டிரங்குப் பெட்டியை ஏற்றி விடுகிறேன். கூறைச்சேலை அப்படியே இருக்கிறது. பிள்ளையின் தோடு இல்லை. அது உனக்குத் தெரியும். சாவியைப் பெட்டியில் வைக்கவில்லை. தனியாக நபீஸா அக்காவின் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவ உன் கையில் தருவா. வலக்கையில் வாங்கு.

எப்போது வருகிறாய் என்று இனிக் கேட்கமாட்டேன். நானும் சொல்லாமல் அங்கே வரமாட்டேன். பாய் நனைந்தது, காய்ந்தது என்று எனக்கு எழுத வேண்டாம். நீயே பார்த்துக்கொள். என் கோட்டுக் கணக்கையும் இனி எழுதமாட்டேன்.

எழுதவில்லை என்பதற்காகப் போடவில்லை என்று நினைத்துவிடாதே.

தவராசா